ஆடி மாதத்தில் ஐந்து மாடி

5 யூலை 2012, வியாழன்

பனிப்புகார். கையுறைக்குள் பத்து விரலும் இருக்கின்றனவா என்று எண்ணத் தொடங்கினேன். எட்டு வரை வந்தபோது முதல் லொறி வந்துவிட்டது. மீதி இரண்டும் மதியத்துக்குப் பிறகே வேலைக்குத் திரும்பின.

வியாழன் கொங்கிறீற் ஊற்றும் நாள். வாரம் ஒரு மாடி. இன்று 13. (இனி மா.13 என்று எழுதுவேன். அரச ஆவணங்களில் சுருக்கம் அழகு.)

என் உத்தியோகம் வாசலில். ஆளுயரக் கம்பு, நுனியில் வட்டத் தகடு. ஒரு பக்கம் சிவப்பில் நில், மறுபக்கம் மஞ்சளில் மெதுவாக. மற்றவர்கள் லொலிபொப் என்கிறார்கள். நான் செங்கோல் என்கிறேன். இதைத் திருப்பினால் இருபத்தைந்து தொன் லொறி பூனைக்குட்டி மாதிரி நிற்கும். மெல்பேர்னில் ஆற்றுக்குத் தெற்கே என் அனுமதியின்றி ஒரு மாடியும் உயர்ந்ததில்லை. இலங்கையில் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தும் ஒரு வகுப்பாவது இப்படி அடங்கியது இல்லை.

புகாரில் எங்கள் கட்டடம் ஏழாம் மாடியோடு முடிந்திருந்தது. அதற்கு மேல் வெள்ளை. கிரேன் கொக்கி மட்டும் வெள்ளையிலிருந்து இறங்கி வந்து, ஒரு கட்டுக் கம்பியைத் தூக்கிக்கொண்டு மறுபடி வெள்ளைக்குள் போனது. மேலே யார் வாங்கிக்கொள்கிறார்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

பக்கத்துக் கட்டடம் முடிந்துவிட்டது. கண்ணாடி துடைக்கிறார்கள். அதில் மா.19, தெற்குப் பக்கம், என் மருமகள் அபியினுடையது. அக்காவின் ஒரே பிள்ளை. வயது முப்பத்திரண்டு. கண் ஆஸ்பத்திரியில் வேலை.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் அதை வாங்கியபோது அங்கே மாடி இல்லை. ஆகாயம்தான். ஆகாயத்தில் ஒரு துண்டு வாங்கிய முதல் தமிழச்சி! நானும் கூடப் போனேன். காட்சியறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாதிரிக் கட்டடம். பக்கத்துக் காணியில் பச்சைப் புல், புல்லில் நகத்தளவு பிளாஸ்டிக் நாய். வெளியே வந்து தெருவில் நின்று 19ம் மாடி வரப்போகும் இடத்தை விரலால் காட்டினேன். அந்த நேரம் பார்த்து ஒரு கடற்பறவை அதற்குள்ளால் போனது.

“பார், உன்ர ஹோலுக்குள்ளால போகுது.”

அபி சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் சிரிக்காமல் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று கிளென் வேவர்லியில் அக்கா வீட்டுக்குப் போய் நான் சொன்னது: “அக்கா, உந்தப் பல்கணியில நிண்டா முழுக் கடலும் தெரியும். கண்ணைச் சுருக்கிப் பாத்தா பென்குயின் நடக்கிறதும் தெரியும். அந்தக் கடலை இனி ஒருத்தரும் எடுக்கேலாது.”

அந்தப் பிளாஸ்டிக் நாய் நின்ற புல்லில்தான் இப்போது என் வாசல். மா.13. கட்டடம் முப்பத்தெட்டு மாடி. அபியின் கடலுக்கும் பல்கணிக்கும் நடுவில்.

இன்று உள்ளே விட்ட லொறிகள்: 31. எல்லாவற்றையும் நானே.

வாங்க வேண்டியது: தடித்த காலுறை. நல்லெண்ணெய். ஒரு மனச்சாட்சி, நடுத்தர அளவு.

11 யூலை, புதன்

வெயில், ஆனால் பெயருக்கு. மதியம் அபி வாசலுக்கு வந்தாள். கையில் இரண்டு கோப்பி.

“மாமா, அடுத்த புதன் கீ தருகினம்.”

“நல்லது பிள்ளை.”

“அம்மா வருவாவோ?”

எல்லாம் இந்த ஒரு கேள்விதான். அவள் வாங்கியதிலிருந்து அக்கா அவளோடு சரியாகக் கதைப்பதில்லை. பிள்ளை தனியே இருக்கப் போகிறாள் என்பது முதற் குற்றம். அதற்கு நிலம் இல்லை, வாசற்படி இல்லை, கிணறு இல்லை என்பது இரண்டாவது. (கிளென் வேவர்லி வீட்டில் கிணறு உண்டா என்று நான் கேட்டேன். அன்று எனக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை.) “உது வீடில்லை, லாச்சி. மனுசரை இழுத்து வச்சு மூடுற லாச்சி,” என்பது தீர்ப்பு. என் கடலைக் கேட்ட பிறகுதான், அதுவும் பல மாதம் கழித்து, “பாப்பம்” என்றார். அக்காவின் பாப்பம் லேசில் கிடைக்கிற சாமான் இல்லை.

“அம்மா வந்து பால் காய்ச்சாட்டி எனக்கு அது வீடு மாதிரியே இராது, மாமா. ஹோட்டல் மாதிரி. ரூம் நம்பர் ஒண்டு ஒன்பது...” நிறுத்திவிட்டு எங்கள் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாள். “உது எவ்வளவு உயரம் வரும்?”

லொறி ஒன்று வந்தது. வாழ்க, அந்தச் சாரதி. செங்கோலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

திரும்பியபோது அவள் போய்விட்டாள். கோப்பி மட்டும் வேலிக் கம்பியின் மேல், ஆவி பறக்க.

18 யூலை, புதன்

காற்று. தலைக்கவசம் ஒன்று தனியே தெருவைக் கடந்தது. உள்ளே தலை இல்லை என்பதை உறுதி செய்துகொண்டேன்.

அபிக்குச் சாவி கிடைத்தது. வைகாசியில் வந்திருக்க வேண்டிய சாவி. ஆனியில் தருகிறோம் என்றார்கள். வந்தது ஆடி மூன்றாம் நாள்!

வேலை முடிய அக்காவின் போன்.

“ஆடியில ஆரடா குடிபுகுவினம்? ஐயரிட்டக் கேட்டிட்டன். ஆவணி பிறந்து முதல் நல்ல நாள் ஓகஸ்ட் 22, புதன். ஒன்பது பத்திலயிருந்து ஒன்பது ஐம்பதுக்குள்ள. அதுவரைக்கும் ஒரு குஞ்சும் உள்ளுக்குக் கால் வைக்கக் கூடாது. அபியிட்டயும் சொல்லிப்போடு.”

“நீங்களே சொல்லலாமே அக்கா.”

“நீ சொல்லு.”

சொன்னேன். அபி வாதாடவில்லை. வாதாடுவாள் என்று பதில்கள் தயாரித்து வைத்திருந்தேன், வீணாகிவிட்டன. “ஓக்கே மாமா. அம்மா வாறா எண்டால் நான் வெயிற் பண்ணுறன்.” சாவியைப் பையில் போட்டுக்கொண்டு சிநேகிதியோடு பகிரும் பழைய அறைக்கே போய்விட்டாள்.

வீட்டுக்குப் போகும் டண்டினொங் றெயினில் இருந்து கணக்குப் போட்டேன். கணக்கு வாத்தியார் அல்லவா. ஆடி மாதத்தில் வியாழக்கிழமைகள்: 19, 26, 2, 9, 16. ஐந்து. இன்றைக்கு மா.14. அதனோடு ஐந்து. 19.

ஒரு தடவை கூட்டினேன். பக்கத்து ஆசனத்தில் ஒருவர் தவறான றெயினில் ஏறிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுபடி கூட்டினேன். 19தான்.

உலகத்தில் வேறெந்தச் சனமும் இப்படிக் கடலைத் தொலைக்காது. சாவி கையில், கடல் கண்ணெதிரே. நாங்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். கிரேன்காரனுக்கு ஆடி இல்லை.

19 யூலை, வியாழன்

மா.15. லொறி 33. மழைத் தூறல்.

வேலை முடிந்ததும் டண்டினொங் றெயினில் ஏறாமல் கிளென் வேவர்லி றெயினில் ஏறினேன். பாதை முடியும் இடம் வரை. அதற்கு அப்பால் ஓட முடியாது என்பது ஒரு வசதி.

அக்கா குசினியில் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தார். அத்தான் கதிரையில். அத்தான் வருடத்துக்கு நான்கு வசனம் கதைப்பார். யூலைக்குள் மூன்று முடிந்துவிட்டது.

சொன்னேன். பக்கத்துக் கட்டடம், முப்பத்தெட்டு மாடி, வாரம் ஒன்று, ஆவணிக்குள் கடல் இல்லை. ஒரே மூச்சில், பென்குயின் இல்லாமல்.

கிரைண்டரை நிறுத்தினார்.

“உனக்கு எப்பவிருந்து தெரியும்?”

“மார்ச்சிலயிருந்து. அங்க வேலைக்குச் சேர்ந்த அண்டையில இருந்து.”

“அந்த லொறியளை ஆர் உள்ளுக்கு விடுறது?”

“...நான்தான்.”

“ஒவ்வொண்டையும்?”

“ஓம்.”

“அப்ப நிப்பாட்டு.”

“மூண்டு நிமிசம் நிப்பாட்டலாம் அக்கா. அதுக்கு மேல ஏலாது.”

அக்கா மாவை வழித்துச் சட்டியில் போட்டார். கையைக் கழுவினார். துடைத்தார். இன்னொரு தடவை கழுவினார். அபிக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அவளிடம் சொல்லத்தான் முதலில் போயிருக்க வேண்டும் என்றேன். முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை என்றேன்.

“பிள்ளை கடலுக்காகத்தான் வாங்கினவள், என்ன?”

“கடலுக்காக. நீங்க வருவீங்க எண்டதுக்காகவும்.”

குழாய் சொட்டுச் சொட்டாக. பிறகு அக்கா, “குடிபுகக் கூடாதெண்டுதான் ஐயர் சொன்னவர். பாக்கக் கூடாதெண்டு சொல்லேல்லை. சனிக்கிழமை வாறன். உன்ர மடக்குக் கதிரையைக் கொண்டு வா.”

அத்தான், “காரில போவம்,” என்றார். நான்காவது வசனமும் முடிந்தது.

21 யூலை, சனி

வெளிச்சமான குளிர். அரை நாள் வேலை. ஒரு மணிக்குப் பச்சைச் சட்டையோடும் சகதிச் சப்பாத்தோடும் மா.19க்கு.

முதலில் கீழே, அஞ்சற் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்து, அபியிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. “ஐ நோ மாமா. நான் பிளான் பாத்தனான். போன வருசமே. அண்டைக்கு உயரம் கேட்டது, நீங்களாச் சொல்லுவீங்களோ எண்டு பாக்கத்தான்.”

“பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்க அவ்வளவு சந்தோசமாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சீங்க.”

நான் மார்ச்சிலிருந்து ஒளித்து வைத்ததாக நினைத்திருந்தேன். அவள் என்னிடமிருந்து ஒளித்து வைத்திருக்கிறாள்! அம்மாவிடம் சொன்னால் வரமாட்டா என்ற பயம் வேறு.

நடைவழி. இரு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள், மெத்தென்ற சாம்பல் விரிப்பு. அபி கதவைத் திறந்தாள். அக்கா குனிந்து கீழே பார்த்தார். படி இல்லை. விரிப்பும் மரத்தரையும் சந்திக்கும் இடத்தில் விரலகல அலுமினியத் தகடு ஒன்று.

“இதுதான் படி,” என்று அறிவித்தார். “இதைத் தாண்டினாத்தான் புகுந்த மாதிரி.”

தகட்டுக்கு இந்தப் பக்கம், நடைவழியில், என் மடக்குக் கதிரை. அக்கா அமர்ந்தார். நீலக் கம்பளிச் சட்டை, மடியில் கைப்பை. திறந்த கதவு, வெறும் ஹோல், பல்கணிக் கண்ணாடி. அதற்கு அப்பால் மரங்கள், கூரைகள், துறைமுகத்துச் சரக்குப் பெட்டிகள். எல்லாவற்றுக்கும் மேலே கடல். யாரோ பென்சிலால் கீறிவிட்டு, பிறகு மனம் மாறி நீலம் தீட்டிய மாதிரி.

அபி தரையில் உட்கார்ந்தாள். அவளும் தகட்டுக்கு இந்தப் பக்கம். சாவிக்குச் சொந்தக்காரி, வீட்டுக்கு வெளியே.

ஒரு மணித்தியாலம் இருந்து கடல் பார்த்தோம். ஒரு கப்பல் இருந்தது. அது நகர்ந்ததா இல்லையா என்று எனக்கும் அத்தானுக்கும் கருத்து வேறுபாடு. அவர் தலையாட்டினார், நான் ஆட்டவில்லை.

எழும்பும்போது அக்கா, “பென்குயின் தெரியேல்லை,” என்றார்.

28 யூலை, சனி

மா.16 வியாழனே முடிந்தது. மேகம், மேகத்துக்குள் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள் வெளிச்சம்.

மறுபடி நடைவழி. இன்று பிளாஸ்கில் தேத்தண்ணி, வாழைப்பழம், பருத்தித்துறை வடை. எதிர் வீட்டுச் சீனப் பெண் வெளியே வந்தாள். நான்கு பேரும் கால் மடக்கினோம். அவள் போய், பாதி வழியில் திரும்பி, எங்களுக்குப் பின்னால் நின்று கொஞ்சம் கடல் பார்த்துவிட்டுப் போனாள். வடை கொடுத்தோம்.

பிறகு கட்டட மேலாளர். இளம் பெடியன், இறுக்கமான சப்பாத்து. நடைவழியில் தளபாடம் வைக்கக் கூடாதாம்.

“இது தளபாடமில்லை. என் அக்கா,” என்றேன்.

“ஏன் உள்ளே போய் இருக்கக் கூடாது? இது உங்கள் வீடுதானே?” நியாயமான கேள்வி. அபி ஆங்கிலத்தில் விளக்கினாள். ஆடி, ஆவணி, பால். அவன் தகட்டைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டான். இன்னும் இரண்டு சனி என்றாள். ஒன்றும் எழுதாமல் போய்விட்டான்.

அக்கா: “என்னவாம்?”

அபி: “குடும்பமா எண்டு கேட்டான் அம்மா.”

அவன் அப்படிக் கேட்கவேயில்லை. பொய்யில் அவள் என் மருமகள்தான்.

4 ஓகஸ்ட், சனி

பல்கணிக் கண்ணாடியின் அடியில் இன்று முதல் தடவையாக எங்கள் கட்டடம் தெரிந்தது. தூண்களிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பி நுனிகள் மட்டும். வரிசையாக, மெல்லியதாக, காற்றுக்கு அசைகிற மாதிரி. மாதிரிக் கட்டடத்தில் கண்ட புல் முளைத்துவிட்டது. நாயைத்தான் காணோம்.

நான் குற்றவாளி மாதிரிச் சுவரோடு நின்றேன். அரசனுக்கும் ஒதுங்கி நிற்க இடம் வேண்டும்.

அவர்கள் என்னை மறந்துவிட்டார்கள். காதில் விழுந்தவை:

“குசினி எந்தப் பக்கம்?”

“அந்தா, அந்த வளைவுக்கு இடப்பக்கம். இங்கயிருந்து தெரியாது.”

“பெரிசோ?”

“சின்னன் அம்மா. ஒரு ஆள் நிக்கலாம்.”

“ரெண்டு பேர் நிண்டா?”

“...இடிச்சுக்கொண்டு நிக்கலாம்.”

கீழே எங்கேயோ ஒரு லொறி பின்னோக்கிப் போகும் ஒலி, பீப் பீப் பீப்.

“இரவில தனியப் படுக்கப் பயமில்லையோ?”

“கிளென் வேவர்லியிலதான் பயமா இருக்கும். அவ்வளவு அமைதி. இங்க ஆரோ எப்பவும் முழிச்சிருப்பினம்.”

அக்கா பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றி, முதலில் அபியிடம் நீட்டினார். போன சனிக்கிழமை முதலில் எனக்குத்தான். குறித்து வைக்கிறேன், மனக்குறை எதுவும் இல்லை.

9 ஓகஸ்ட், வியாழன்

மா.18. லொறி 34. கையை ஆட்டி ஆட்டித் தோள் நோவு. டண்டினொங்கிலும் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் ஒரு கிரேன் முளைத்திருக்கிறது. என்னைப் பின்தொடர்கிறது போலும்.

11 ஓகஸ்ட், சனி

இன்றைக்குக் கண்டதை ஒருவரும் நம்பமாட்டார்கள். அதனால் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை.

எங்கள் கட்டடத்தின் மேல்தட்டு அபியின் தரைக்குச் சமமாக வந்துவிட்டது. அடுத்த மாடிக்குப் பலகை அடிக்கிறார்கள், அவர்களுக்குச் சனியும் முழு நாள். கடல் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கதிரையை விரித்தேன்.

“டேய், இஞ்ச பார்.”

மரங்கள் போய்விட்டன. கூரைகள், தெருக்கள், துறைமுகப் பெட்டிகள் எல்லாவற்றையும் பலகைத் தளம் மறைத்துவிட்டது. பலகையின் விளிம்பு முடிகிற இடத்திலேயே கடல். இடையில் ஒன்றுமே இல்லை. பல்கணியிலிருந்து ஒரு எட்டு வைத்தால் கால் நனையும்.

“கடல் கிட்ட வந்திட்டுது,” என்றார் அக்கா.

பலகை அடிக்கிற ஆட்கள் மூன்று பேர், மஞ்சள் தலைக்கவசம். கதிரையில் இருந்து பார்க்க அவர்கள் இடுப்பளவு கடலில் நடந்தார்கள். ஒருவன் சுத்தியலைத் தூக்கினான், அது ஆகாயத்தில் இருந்தது. கீழே இறக்கினான், தண்ணீருக்குள் போனது. சத்தம் கொஞ்சம் பிந்தி வந்தது. இன்னொருவன் பலகை ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு கடலுக்குக் குறுக்கே மெதுவாக, மிக மெதுவாக. வெள்ளைக் கப்பல் ஒன்று அவன் முதுகுக்குப் பின்னால் போய், நெஞ்சுக்கு முன்னால் வந்தது.

அபி அம்மாவின் முழங்காலில் தலை சாய்த்திருந்தாள். எப்போது சாய்த்தாள் என்று நான் காணவில்லை. அக்காவின் கை அவள் தலையில். கை அங்கே இருப்பது அக்காவுக்கும் தெரியாது போல இருந்தது.

வேலை விட்டு ஆட்கள் இறங்கிப்போய், கடலில் ஒருவரும் இல்லாமற் போகும் வரை இருந்தோம்.

லிஃப்றில் அக்கா: “அடுத்த கிழமை இது இராது, என்ன?”

“இராது அக்கா.”

“சரி.”

16 ஓகஸ்ட், வியாழன்

மா.19 ஊற்றினோம். ஆடி கடைசி நாள்.

பதினோராவது லொறிக்குச் செங்கோலை நில் பக்கம் பிடித்தேன். தெருவில் ஒருவரும் இல்லை. கடக்க ஆள் இல்லை, சைக்கிள் இல்லை. சும்மா பிடித்தேன். மூன்று நிமிடம் என்று அக்காவிடம் சொன்னேனே, உண்மையா என்று பார்க்கத்தான். பின்னால் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு வந்து நின்றன. கொங்கிறீற் வயிறுகள் சுற்றிக்கொண்டே. பிறகு கார்கள். பாலம் வரைக்கும் ஹோர்ன். மேலே பம்புக்காரன் கத்துவது கேட்டது. மெல்பேர்ன் மாநகரம் முழுவதும் என் கையில் நின்றது. தாஸ்மேனியா வரைக்கும் நின்றிருக்கும்.

நான்கு நிமிடம். சொன்னதை விட ஒன்று கூட.

கொன் ஓடிவந்தார். கொன் எங்கள் மேற்பார்வையாளர், கிரேக்கர், என் உத்தியோகத்தின் மகிமையை மதித்து என்னைக் கிங் என்றே அழைப்பவர். இன்று அதற்கு முன்னால் வேறு இரண்டு சொற்களும் சேர்த்தார்.

“கொங்கிறீற் காத்திருக்காது கிங்! உள்ளே இறுகிவிடும்! என்ன பிரச்சினை?”

திருப்பினேன். லொறிகள் உள்ளே போயின.

சாப்பாட்டு நேரம் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்று நினைத்து மதியச் சாப்பாட்டை முதலில் முடித்துவிட்டுப் போனேன். சொன்னேன், முழுவதும். படி, கதிரை, பால், 22ம் திகதி ஒன்பது பத்து. கேட்டுக்கொண்டே ஒரு தோடம்பழம் உரித்தார்.

“என் அம்மா என் பிளாற்றுக்கு வரவே இல்லை,” என்றார். “ஐந்து வருடம். லிஃப்ற் பயமாம்.” பாதித் தோடம்பழம் எனக்கு. “இன்னொரு தடவை நிறுத்தினால் உன்னை ஆற்றில் போடுவேன். புதன்கிழமை தேநீர் இடைவேளை ஒன்பதரைக்கு.”

என்ன அர்த்தம் என்று விளங்கவில்லை. கேட்டுக் கெடுக்கவில்லை.

20 ஓகஸ்ட், திங்கள்

மா.19க்கு மேல் முட்டுக்கம்புகள், அதற்கு மேல் அடுத்த தளத்துக்குப் பலகை. கடற்பக்கம் காற்றுக்குக் கறுப்பு வலை கட்டினார்கள். வாசலில் நின்று பார்த்தேன். ஒரு ஆள் கயிற்றை இழுக்க, வலை மேலிருந்து கீழே அவிழ்ந்து இறங்கியது. முடிந்தது.

அபிக்குப் போன் செய்தேன். “தெரியும் மாமா. கீழ நிண்டு பாத்தனான்.”

அக்கா வருவாரா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அவளுக்கும் இல்லை. சாமான் பட்டியல் கதைத்தோம்:

புதுப் பானை — அபி.
பால், சர்க்கரை, பச்சரிசி — நான்.
மாவிலை — இந்தக் குளிரில் இல்லை. பிளாஸ்டிக் தோரணம், டண்டினொங் கடை.
விநாயகர் படம் — அக்கா (வந்தால்).
புகைமணி — பெரிய பிரச்சினை. அடித்தால் இருபத்தெட்டு மாடிச் சனமும் தெருவில். அத்தான் பொறுப்பு (வந்தால்).

22 ஓகஸ்ட், புதன்

தெளிந்த வானம். ஒரு துண்டு மேகம், அதுவும் தனக்கு வேலையில்லை என்று தெரிந்த மாதிரி.

ஏழரைக்கு அத்தானின் கார் என் வாசலைத் தாண்டிப் போனது. செங்கோலை மெதுவாக பக்கம் திருப்பி அரச மரியாதை செய்தேன். பின் ஆசனத்தில் அக்கா, மடியில் விநாயகர். என்னைப் பார்க்கவில்லை. படத்தை இறுகப் பிடித்திருந்தார்.

வந்துவிட்டார்!

ஒன்பது பத்து. ஒன்பது இருபது. வாசலில் நின்று மேலே பார்த்தேன், பல்கணியின் அடிப்பாகம்தான் தெரிந்தது. உள்ளே என்ன நடக்கிறது? சுவரைக் கண்டு திரும்பிவிட்டாரா? ஒரு லொறிக்குப் போ என்று காட்டுவதற்குப் பதில் கும்பிட்டேன். அவனும் கும்பிட்டான்.

ஒன்பதரை. இடைவேளை மணி. கொன் வந்து செங்கோலில் கை வைத்தார்.

“பத்து நிமிடம். இன்னொருவன் பிடிப்பான். ஹொயிஸ்ற் லிஃப்றில் ஏறு.”

“இது என்னோடதான் வரும்,” என்றேன். அவனுக்கு வேறு ஒன்று எடுத்துக் கொடுத்தார்.

மேலே ஏறினோம், அவரும் நானும் செங்கோலும். மா.19. ஆட்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். முட்டுக்கம்புக் காடு. ஈரக் கொங்கிறீற் மணம். முதலில் கடற்பக்கம் போனேன். வலைகள் இரண்டு சந்திக்கும் இடத்தில் ஒரு கையகல இடைவெளி. அங்கேதான் இருந்தது, முழுதாக, மினுங்கிக்கொண்டு. ஒன்றுமே நடக்காத மாதிரி.

பிறகு மற்றப் பக்கம். கைபிடிக் கம்பி, ஒழுங்கையின் மேல் வெறும் காற்று, அதற்கு அப்பால் அபியின் கண்ணாடி. உள்ளே எல்லாரும் இருந்தார்கள். தகட்டைத் தாண்டிய பக்கத்தில். அத்தான் கதிரைக்கு மேல் ஏறி நின்று, புகைமணிக்குக் கீழே பேப்பரை விசுக்கிக்கொண்டிருந்தார், ஒரு சக்கரவர்த்திக்கு விசுக்குவது போல. அபி பானையை ஹோல் நடுவில், மின் அடுப்பில் வைத்திருந்தாள். பல்கணியைப் பார்க்க, கடல் இருந்த பக்கமாக. பக்கத்தில் அக்கா, குனிந்து, பாலையே பார்த்துக்கொண்டு.

பொங்கியது. தெரிந்தது. வெள்ளையாக நுரைத்து, விளிம்பால் வழிந்து, இந்தப் பக்கமாக, எங்களைப் பார்த்து வழிந்தது. அபி கை தட்டினாள். சத்தம் வரவில்லை. அக்கா நிமிர்ந்தார். என்னைக் கண்டார்.

பச்சைச் சட்டை, தலைக்கவசம், கையில் செங்கோல். கொன் எனக்குப் பின்னால் தலைக்கவசத்தைக் கழற்றிப் பிடித்திருந்தார்.

அக்கா நெடுநேரம் பார்த்தார். பிறகு அபியிடம் கையை நீட்டினார். அபி போனைக் கொடுத்தாள். என் சட்டைப்பை அதிர்ந்தது.

“எங்கயடா நிக்கிறாய்?”

“உங்களுக்கு முன்னாலதான் அக்கா.”

“அது தெரியுது. கடல் நிக்குதோ?”

திரும்பிப் பார்த்தேன். வலை காற்றில் விலகி, மூடி, விலகியது.

“நிக்குது அக்கா. எனக்குப் பின்னாலதான்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அபி அம்மாவின் தோளில் நாடியை வைத்திருந்தாள்.

“அப்ப தள்ளி நில்லடா,” என்றார் அக்கா. “மறைக்கிறாய்.”

தள்ளி நின்றேன்.